கொழுப்புத் துளியைத் தடுத்தால் கல்லீரல் செல் ஏன் சாகிறது?

பெட்ரித்தட்டு (கேள்வி)

கொழுப்புக் கல்லீரலுக்கான செல் மாதிரி ஒன்றில் முடிவு தலைகீழாக வருகிறது. விவரம் இது.

செல்: ஹெப்-ஜி2 (மனித ஈரல் புற்றிலிருந்து வளர்த்த செல்). 24 கிணறு உள்ள தட்டு, கிணற்றுக்கு 1 லட்சம் செல். ஊடகம்: லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் உள்ள டி.எம்.இ.எம்., 10% சீரம். பால்மிடேட் (ஒரு கொழுப்பு அமிலம்) 0.5 மில்லிமோலார், 24 மணி நேரம். பிறகு கொழுப்பில் ஏறும் ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்றி, ஐசோபுரொபனாலில் கரைத்தெடுத்து 510 நானோமீட்டரில் அளவு.

பால்மிடேட் மட்டும் கொடுத்த கிணறுகளில் பொடித் துளிகள். கொஞ்சம் செல்கள் மிதக்கின்றன. துளியில் சேரும் கொழுப்பான டிரைகிளிசரைடைச் செய்து முடிக்கும் நொதி டிகேட்; அதில் 1, 2 என்று இரண்டு வகை. டிகேட்-2 தடுப்பான் சேர்த்தால் சொல்லும்படி மாற்றம் இல்லை. டிகேட்-1, டிகேட்-2 இரண்டையும் தடுத்தால் சாயம் அநேகமாக இல்லை, ஆனால் மறுநாள் காலையில் பாதிக்கு மேல் செல்கள் மிதக்கின்றன. பால்மிடேட்டுக்குப் பதில் அதே அளவு ஓலியேட் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் கொடுத்தால் செல் முழுக்கத் துளி. சாவு மட்டும் இல்லை.

டிரைகிளிசரைடு சேர்வதுதான் நோய் என்றால், அதைச் சேரவிடாமல் செய்த செல் ஏன் சாகிறது?

கூடவே இன்னும் இரண்டு. ஈரலில் கொழுப்பு உற்பத்தியைத் தூண்டுவது இன்சுலின். ஈரல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத நோயாளிக்கு அந்த உற்பத்தி குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? அடுத்து, டிகேட்-2 தடுப்பானை மனிதர்களிடம் மருந்தாகச் சோதிக்கிறார்கள். இந்தத் தட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறதே?

வரவுசெலவு

துளியைக் குப்பை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். செல்லைப் பொறுத்தவரை அது பூட்டிய குதிர். நெல் குதிருக்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை. குதிர் வாயை அடைத்துவிட்டு வண்டி வண்டியாக நெல்லை இறக்கினால் முற்றத்தில் கொட்டிக் கிடக்கும். நீங்கள் செய்தது அதுதான்.

செல்லுக்குள் நுழையும் கொழுப்பு அமிலத்தோடு முதலில் கோ-என்சைம் ஏ ஒட்டப்படுகிறது. பால்மிடாயில் கோ-ஏ ஆனதும் அதன் முன் நான்கு வழிகள். சி.பி.டி.-1 என்ற வாசல் வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரியலாம். செரைன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து செரமைடு ஆகலாம். சவ்வுக்கான பாஸ்போலிப்பிட் ஆகலாம். நான்காவதுதான் குதிருக்குப் போகும் வழி: கிளிசரால் முதுகெலும்பில் ஒன்று, இரண்டு என்று கொழுப்பு அமிலங்கள் ஏறி டைகிளிசரைடு ஆகி, மூன்றாவதை டிகேட் ஏற்றி டிரைகிளிசரைடு ஆக்குகிறது. எண்டோபிளாசமிக் ரெடிகுலம் என்ற செல்லின் உள்வலைச் சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இது எண்ணெய்க் குமிழாகத் திரண்டு, சீபின் என்ற புரத வளையம் இருக்கும் இடத்தில் மொட்டு விட்டுச் சைட்டோபிளாசத்துப் பக்கம் பிதுங்குகிறது. அதனால்தான் துளியைச் சுற்றி இருப்பது ஒற்றை அடுக்குப் பாஸ்போலிப்பிட். செல்லின் மற்ற நுண்ணுறுப்புகளுக்கு இருப்பதுபோல் இரட்டை அடுக்கு இல்லை. அதன்மேல் பெரிலிபின்-2 என்ற புரதப் போர்வை.

கடைசிப் படியான டிகேட்டை அடைத்ததும் பின்னால் நெரிசல். டைகிளிசரைடு தேங்குகிறது, பி.கே.சி.-எப்சிலான் என்ற நொதி தூண்டப்பட்டு இன்சுலின் ஏற்பியின் 1160-ஆம் இடத்துத் திரியோனினில் பாஸ்பேட்டை ஏற்றி ஏற்பியை மந்தமாக்குகிறது. பால்மிடாயில் கோ-ஏ தேங்கியதில் ஒரு பங்கு செரமைடு பக்கம் ஒழுகுகிறது. இன்னொரு பங்கு பாஸ்போலிப்பிட்டில் ஏறி எண்டோபிளாசமிக் ரெடிகுலத்தின் சவ்வையே விறைப்பாக்குகிறது. அந்த விறைப்பை ஐ.ஆர்.ஈ.-1, பெர்க் என்ற இரண்டு காவல் புரதங்கள் நேரடியாக உணர்ந்து, தொல்லை நீடித்தால் சாப் என்ற மரபணுவை எழுப்பிச் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுகின்றன.

ஓலியேட் கொன்றுபோடாததற்குக் காரணம் அதன் வடிவம். பால்மிடேட் 16 கார்பன், இரட்டைப் பிணைப்பே இல்லை, குச்சிபோல் நேர். ஓலியேட் 18 கார்பன், நடுவில் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு, முழங்கை மடக்கியதுபோல் வளைவு. வளைந்ததை டிரைகிளிசரைடாக்கிக் குதிரில் தள்ளுவது எளிது. பால்மிடேட்டை வளைக்க எஸ்.சி.டி.-1 என்ற நொதி இருக்கிறது, 0.5 மில்லிமோலார் ஒரே மூச்சில் வந்து இறங்கினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. 2003-இலேயே சைனீஸ் ஹாம்ஸ்டர் சூலகச் செல்களில் காட்டிவிட்டார்கள்: பால்மிடேட்டோடு ஓலியேட்டையும் சேர்த்துக் கொடுத்தால் பால்மிடேட்டும் டிரைகிளிசரைடாகிறது, செல் பிழைக்கிறது. எலியிலும் இதற்கு ஜோடி உண்டு. 2007-இல் மெத்தியோனின், கோலின் இல்லாத தீவனம் தின்ற சர்க்கரை நோய் எலிகளுக்கு டிகேட்-2-ஐ ஆன்டிசென்ஸ் (மரபணுவின் செய்தியை அடைக்கும் மருந்து) மூலம் அடக்கினார்கள். ஈரல் கொழுப்பு இறங்கியது. அழற்சியும் தழும்பும் ஏறின.

டிகேட்-2-ஐ மட்டும் அடைத்தபோது மாற்றம் இல்லாததும் நியாயமே. வெளியிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தைப் பெரும்பாலும் டிகேட்-1 கவனித்துக்கொள்ளும். செல்லே புதிதாகச் செய்யும் கொழுப்பு அமிலத்தில்தான் டிகேட்-2-க்கு முதல் உரிமை. நீங்கள் கொடுத்தது முழுக்க வெளிச்சரக்கு.

இன்சுலின் புதிருக்கு வருவோம். முதலில் வரவு எங்கிருந்து என்று பாருங்கள். 2005-இல் ஐசோடோப்பு அடையாளம் இட்ட கொழுப்பு, அசிடேட் எல்லாம் நோயாளிகளுக்குக் கொடுத்து, பிறகு ஈரல் திசு எடுத்துக் கணக்கிட்டார்கள். ஈரல் டிரைகிளிசரைடில் 59% உடல் கொழுப்பிலிருந்து இரத்தம் வழியே வந்த கொழுப்பு அமிலம், 26% ஈரலே மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து செய்தது, 15% உணவுக் கொழுப்பு. ஒன்பதே பேர் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் இன்றுவரை எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு இதுவே.

அந்த 59% ஏன்? தொடை, வயிற்றுக் கொழுப்புத் திசுவில் இன்சுலினின் வேலை, கொழுப்பை உருகவிடாமல் பிடித்து வைப்பது. அங்கே இன்சுலின் பேச்சு எடுபடாவிட்டால் சாப்பிட்ட பிறகும் கொழுப்பு உருகி ஈரலுக்கு வந்துகொண்டே இருக்கும். இந்தப் பங்குக்கு ஈரலின் மேல் பழி போட முடியாது.

26%-தான் உங்கள் கேள்வி. ஈரல் செல்லுக்குள் இன்சுலின் சைகை இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை ஃபாக்ஸ்-ஓ1 என்ற மரபணுச் சாவியை அடக்கி ஈரல் குளுக்கோஸ் செய்வதை நிறுத்தும். இன்னொரு கிளை எம்டார் என்ற நொதி வழியாக ஸ்ரெப்-1சி என்ற இன்னொரு சாவியை எழுப்பி, ஏ.சி.சி., கொழுப்பு அமில சிந்தேஸ் உள்ளிட்ட உற்பத்தி நொதிகளைக் கூட்டும். நோயில் முதல் கிளை மட்டும் செவிடாகிறது. குளுக்கோஸ் ஏற, கணையம் இன்னும் அதிக இன்சுலினைக் கொட்ட, காது கேட்கும் இரண்டாவது கிளை அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டுக் கொழுப்பு செய்துகொண்டே போகிறது. தேர்ந்தெடுத்த இன்சுலின் எதிர்ப்பு என்று பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 2008-இல் சொன்னது இதைத்தான். ஏற்பியே பழுதான மனிதர்களுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறும், ஆனால் கொழுப்புக் கல்லீரல் வருவதில்லை. ஏற்பிக்குக் கீழே சைகையைக் கடத்தும் ஏ.கே.டி.-2 என்ற நொதி பழுதானவர்களுக்கு வருகிறது. 2009-இல் வந்த இந்த மனித ஒப்பீடு, எலிக் கணக்குகளை நம்பாதவர்களையும் வாயடைக்க வைக்கும்.

இன்சுலினையே எதிர்பார்க்காத குறுக்கு வழி ஒன்றும் உண்டு: ஃபிரக்டோஸ். குளுக்கோஸ் உடையும்போது பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற சுங்கச்சாவடியில் நின்றுதான் போகவேண்டும். செல்லில் சக்தி போதுமானால் அங்கே தடை விழும். ஃபிரக்டோஸ் கீட்டோஹெக்ஸோகைனேஸ் வழியாக அந்தச் சாவடியைத் தாண்டி இறங்கிவிடுகிறது. நாம் காப்பியில் போடும் சர்க்கரையில் பாதி அதுதான்.

உற்பத்தி ஓடும்போது எரிப்பும் தானாக நிற்கும். ஏ.சி.சி. செய்யும் மலோனைல் கோ-ஏ, கொழுப்பு அமிலத்துக்கு மூலப்பொருள். அதே மூலக்கூறு சி.பி.டி.-1 வாசலுக்குப் பூட்டும்கூட. அடுப்பை அணைத்துவிட்டு விறகு அடுக்குவது மாதிரி.

துளியிலிருந்து கொழுப்பு வெளிவர ஏ.டி.ஜி.எல். என்ற நொதி முதல் அமிலத்தை வெட்டவேண்டும். அதற்குத் துணை சி.ஜி.ஐ.-58. வெளியே ஏற்றுமதி செய்ய, அபோ-பி100 புரதத்தில் எம்.டி.பி. என்ற இன்னொரு புரதம் கொழுப்பை ஏற்றி வி.எல்.டி.எல். துகளாக்கவேண்டும். லோமிடபைடு என்ற மருந்து எம்.டி.பி.-யைத் தடுத்து இரத்தக் கொழுப்பை இறக்கும். ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். பி.என்.பி.எல்.ஏ.-3 மரபணுவின் 148-ஆம் இட மாற்றம் உள்ளவர்களுக்கு ஈரல் கொழுப்பு கூடுவதும் இந்த வெளியேற்றக் கோளாறுதான்: நொதி வேலை செய்யாததால் துளியை உடைக்க முடிவதில்லை.

டிகேட்-2 மருந்து பற்றி மருத்துவத் தரப்பு ஆட்கள் சொல்லட்டும்.

சோப்புக்கரைசல்

விளக்கம் சரி. ஆனால் இந்தத் தட்டின் எண்ணை அப்படியே நம்புவதற்கு முன் சில சில்லறை வேலை இருக்கிறது.

முதல் சந்தேகம் சாய அளவிலேயே. செத்த செல் மிதக்கும், கழுவும்போது போய்விடும். மிச்சம் ஒட்டியிருப்பதைத்தான் 510-இல் படிக்கிறீர்கள். பாதி செல் போன கிணற்றில், துளி அப்படியே இருந்தால்கூட சாயம் பாதியாகத்தான் காட்டும். கிணற்றுக்குக் கிணறு டி.என்.ஏ. அளவால் வகுத்தே ஆகவேண்டும். சாயம் ஏற்றும் முன் டி.என்.ஏ.-வில் ஒட்டும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு எண்ணிவிடுவது சுலபம். புரத அளவால் வகுப்பவர்கள் ஊடகத்து ஆல்புமினைக் கழுவாமல் விட்டுவிட்டு, செல்லில் புரதம் ஏறிவிட்டது என்று ஏமாறுவார்கள். உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். செல்லே இல்லாத வெறும் கிணறு ஒன்றுக்கும் சாயம் ஏற்றுங்கள். பிளாஸ்டிக்கே சாயம் குடிக்கும். அதைக் கழிக்காத எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது, பால்மிடேட்டை எப்படிக் கரைத்தீர்கள் என்று சொல்லவே இல்லை. அரைவாசி முரண்பாடுகள் பிறப்பது இங்கேதான். சோடியம் பால்மிடேட் என்பது சோப்பு. குளிர்ந்தால் உறையும். 5 மில்லிமோலார் இருப்புக் கரைசல் 10 மி.லி. வேண்டுமானால்:

சோடியம் பால்மிடேட் 13.9 மி.கி. எடுத்து 1 மி.லி. நீரில், 70 டிகிரியில், கண்ணாடிபோல் தெளியும்வரை வையுங்கள். இன்னொரு குழாயில் கொழுப்பு அமிலம் நீக்கிய மாட்டு ஆல்புமின் 1 கிராமை உப்புக் கரைசலில் கரைத்து 9 மி.லி. ஆக்கி 37 டிகிரியில் வையுங்கள். ஆல்புமினைக் கலக்கிக்கொண்டே சூடான சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆல்புமின் அறை வெப்பத்தில் இருந்தால் சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளை நூல் நூலாகத் திரியும்; ஆல்புமினையும் 70-க்குக் கொண்டுபோனால் முட்டை வெள்ளை வெந்ததுபோல் ஆகிவிடும். 37-இலேயே ஒரு மணி நேரம் விட்டு, பி.எச். 7.4-க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் கரையவில்லை என்று பொருள். வடித்துப் பயன்படுத்தினால் செறிவு என்னவென்றே தெரியாது, கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஓலியேட் என்றால் 15.2 மி.கி.; அதற்கு இவ்வளவு சூடு வேண்டாம்.

இந்த அளவில் ஒரு ஆல்புமினுக்குச் சுமார் 3.3 கொழுப்பு அமிலம். இந்த விகிதம்தான் உயிர்நாடி. அதே 0.5 மில்லிமோலார் பால்மிடேட்டை 6-க்கு 1 விகிதத்தில் கொடுத்தால், ஆல்புமினில் ஒட்டாமல் திரியும் பங்கு பல மடங்காகிச் செல்கள் சோப்பு பட்டதுபோலவே சாகும். அது கொழுப்புக் கல்லீரலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பத்து மடங்கு நீர்த்தால் ஊடகத்தில் 1% ஆல்புமின் வரும். ஒப்பீட்டுக் கிணறுக்கும் அதே 1% ஆல்புமின், அதே கரைப்பான், தடுப்பானுக்கான டி.எம்.எஸ்.ஓ. அளவும் எல்லாக் கிணறுகளிலும் ஒன்றே.

சாயத்தில் செய்யும் தவறுகள்: மெத்தனாலில் நிலைப்படுத்தாதீர்கள், துளி கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும், 4% ஃபார்மால்டிஹைடு போதும். இருப்புச் சாயம் 100 மி.லி. ஐசோபுரொபனாலில் 0.3 கிராம், பயன்படுத்தும் அன்று 3 பங்கு சாயம், 2 பங்கு நீர், 10 நிமிடம் விட்டு வடிகட்டி ஊற்றவேண்டும். வடிகட்டாமல் விட்டால் சிவப்புப் படிகங்கள் உட்காரும். நுண்ணோக்கியில் துளி என்றே ஏமாறுவோம். முனை கூராக இருந்தால் படிகம், உருண்டை என்றால் துளி.

துளியின் பருமனும் எண்ணிக்கையும் வேண்டுமென்றால் ஆயில் ரெட் ஓ போதாது. பாடிபை 493/503 என்ற ஒளிரும் சாயம் போட்டுக் கன்ஃபோகலில் பாருங்கள். பத்துப் பொடித் துளியும் ஒரு பெரிய துளியும் ஒரே சாய அளவைக் கொடுக்கலாம். செல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல. பொடித் துளிகளுக்குப் பரப்பு அதிகம், நொதி உட்கார இடமும் அதிகம்.

சாவு எந்த வழியில் என்று பிரிக்க மூன்று கிணறு சேருங்கள். ஒன்றில் பால்மிடேட் ஒரு பங்கும் ஓலியேட் இரண்டு பங்கும், மொத்தம் 0.5. இரண்டாவதில் பால்மிடேட்டோடு மைரியோசின். அது செரமைடு உற்பத்தியின் முதல் படியை அடைக்கும், சாவு குறைந்தால் செரமைடு வழி. மூன்றாவதில் 8 மணி நேரத்தில் ஆர்.என்.ஏ. எடுத்து சாப், ஐ.ஆர்.ஈ.-1 எழுந்ததைக் காட்டும் வெட்டி ஒட்டப்பட்ட எக்ஸ்.பி.பி.-1 இரண்டையும் பாருங்கள். 24-ஆம் மணியில் போனால் செத்த வீட்டில் நாடி பார்ப்பதுதான். சாவை எல்.டி.எச். (செத்த செல்லிலிருந்து ஒழுகும் நொதி) கசிவில் அளவிடுங்கள். எம்.டி.டி. என்பது மைட்டோகாண்ட்ரியாவின் வேலையை அளப்பது. கொழுப்பு அமிலம் அந்த வேலையையே மாற்றும்.

பெட்ரித்தட்டு

நன்றி இருவருக்கும். கரைத்தது 100% எத்தனாலில், ஆல்புமின் அறை வெப்பத்தில். விகிதம் இப்போது கணக்கிட்டால் 5.8 வருகிறது. டி.என்.ஏ.-வால் வகுக்கவும் இல்லை. மறுபடி செய்யவேண்டியதுதான்.

ஹெப்-ஜி2-வையே வைத்துக்கொள்ளலாமா?

148எம்

அதற்கு முன் வரவுசெலவு சொன்ன கடைசி வரியில் ஒரு திருத்தம், அதுவே உங்கள் கேள்விக்கும் பதில்.

பி.என்.பி.எல்.ஏ.-3 மாற்றம் நொதி வேலையை இழந்ததால் மட்டும் கெடுதல் என்றால், அந்த மரபணுவை முழுக்க நீக்கிய எலிக்குக் கொழுப்புக் கல்லீரல் வரவேண்டும். வருவதில்லை. 148-இல் ஐசோலூசினுக்குப் பதில் மெத்தியோனின் வைத்த எலிக்குச் சர்க்கரைத் தீவனம் கொடுத்தால் வருகிறது. ஆக, புரதம் இல்லாமல் போவது சிக்கல் இல்லை; கெட்டுப்போன புரதம் போகாமல் உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். சாதாரண புரதத்துக்கு யூபிக்விடின் முத்திரை விழுந்து அவ்வப்போது அழிக்கப்படும். மாறிய புரதம் அந்த முத்திரையிலிருந்து தப்பித் துளியின் மேல் குவிகிறது; குவிந்து, ஏ.டி.ஜி.எல்.-க்குத் துணையான சி.ஜி.ஐ.-58-ஐத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஏ.டி.ஜி.எல். நல்ல நிலையிலேயே இருக்கும். கூட வேலை செய்ய ஆள் இல்லை. இந்த மரபணுவை ஓட்டுவதும் ஸ்ரெப்-1சி என்பதால்தான் சர்க்கரைத் தீவனத்தில் கூத்து வெளிப்படுகிறது. 2008-இல் முதலில் கண்டபோதே, இரண்டு பிரதியும் மாறியவர்களின் ஈரல் கொழுப்பு மாறாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

ஹெப்-ஜி2-வில் இந்த மாற்றம் இரண்டு பிரதியிலும் இருக்கிறது. அதாவது நீங்கள் சாதாரண செல் என்று எடுத்துக்கொண்டது ஏற்கெனவே துளியை உடைக்கத் தடுமாறும் செல். போதாக்குறைக்கு அது வெளியேற்றும் அபோ-பி துகளும் கொழுப்பு நிரம்பாத, எல்.டி.எல். பருமன் துகள். ஏற்றுமதி பற்றிய எந்தக் கேள்விக்கும் அது உதவாது. டிகேட் தடுப்பும் சாவும் மட்டுமே கேள்வி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். துளி உடைவது, வி.எல்.டி.எல். என்று போனால் புதிதாகப் பிரித்த எலி ஈரல் செல்லோ மனித ஈரல் செல்லோ வேண்டும்.

டி.எம்.6.எஸ்.எஃப்.-2 என்ற மரபணுவின் மாற்றமும் இந்த இடத்தில் நினைவுக்கு வரவேண்டும். அது உண்மையான ஏற்றுமதிக் கோளாறு: வி.எல்.டி.எல். துகளில் ஏறும் கொழுப்பு குறைகிறது. ஈரலில் கொழுப்பு கூடும், இரத்தத்தில் குறையும். லிப்பிட் அறிக்கை அழகாக இருப்பவருக்கும் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

வரவுசெலவு

148எம் சொன்னது சரி, அந்த வரியை விட்டுவிடுங்கள்.

ஓபிநாள்

மருந்துக் கேள்விக்கு.

டிகேட்-2-ஐ மட்டும் தடுத்தால் டிகேட்-1 திறந்தே இருக்கும். டிகேட்-2-ஐ மட்டும் அடைத்த உங்கள் குழுவில் சாவு கூடவில்லை என்பதையே பாருங்கள். இரண்டையும் மனிதருக்கு அடைக்கப் போவதில்லை. டிகேட்-1 தடுப்பான்களைத் தனியாகச் சோதித்தபோது குடல்தான் முதலில் முறையிட்டது: கடும் வயிற்றுப்போக்கு. டிகேட்-2-இல் இன்னொரு சாதகம், அதை அடைத்தால் எண்டோபிளாசமிக் ரெடிகுலத்தில் பாஸ்பாடிடைல் எத்தனாலமைன் கூடி, ஸ்ரெப்-1 வெட்டுப்பட்டு உட்கருவுக்குப் போவதே தடைபடுகிறது. வாயை அடைத்ததோடு வரத்தும் குறைகிறது. 2007-இன் எலிகளுக்கு வரத்து குறைய வழி இல்லை. அந்தத் தீவனத்தில் எலி இளைத்துக்கொண்டே போகும், உடல் கொழுப்பு உருகி ஈரலுக்கு வந்துகொண்டே இருக்கும். மனித நோயின் ஜாடை அதில் குறைவு.

ஒரு வழியை மட்டும் அடைத்தால் கொழுப்பு எங்கே ஒதுங்கும் என்பதற்கு ஏ.சி.சி. தடுப்பான் நல்ல பாடம். 2017-இல் வந்த மனிதச் சோதனையில் ஈரல் கொழுப்பு 36% இறங்கியது; இரத்த டிரைகிளிசரைடு 200% ஏறியது. மலோனைல் கோ-ஏ இல்லாமல் நீள்சங்கிலி பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் செய்ய முடியாது. ஸ்ரெப்-1சி-க்குக் கடிவாளம் போடுபவை அவைதான். கடிவாளம் அறுந்ததும் ஸ்ரெப்-1சி துள்ளி, வி.எல்.டி.எல். வெளியேற்றம் கூடிவிட்டது. இதே ஏறுமுகத்தைத் தணிக்க டிகேட்-2 தடுப்பானைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவில் தணிந்தது.

எந்தக் கிடங்கில் வைப்பது என்பதே சிகிச்சை என்றும் சொல்லலாம். பியோகிளிடசோன் கொடுத்தால் நோயாளியின் எடை இரண்டு மூன்று கிலோ ஏறும், ஈரல் கொழுப்பு இறங்கும். கொழுப்பு தோலுக்கடியில், அது இருக்கவேண்டிய இடத்துக்கே திரும்புகிறது. தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கும் லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகள் ஒல்லியாக இருப்பார்கள், ஈரல் கொழுப்பால் வீங்கியிருக்கும். ஈரல் செல்லில் ஜி.எல்.பி.-1 ஏற்பி இல்லை. அந்த ஏற்பியைத் தூண்டும் எடைக்குறைப்பு ஊசிகள் பசியையும் எடையையும் குறைத்து வரத்தைக் குறைக்கின்றன. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது: தைராய்டு ஏற்பி பீட்டாவைத் தூண்டி ஈரலுக்குள் எரிப்பைக் கூட்டும். அதுவும் நடுத்தரத் தழும்பு முதல் முற்றிய தழும்பு வரை உள்ளவர்களுக்கே. சிரோசிஸ் வந்தவருக்கு இல்லை.

படிக்கிறவர்களில் யாராவது அல்ட்ராசவுண்ட் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தால்: கொழுப்பின் தரம் 1 என்பதோ 2 என்பதோ ஈரலின் தலைவிதியைச் சொல்லாது. ஈரல் செல்களில் 5%-க்கு மேல் துளி இருந்தாலே கொழுப்புக் கல்லீரல். அல்ட்ராசவுண்ட் 20%-க்குக் கீழே பெரும்பாலும் கண்டுபிடிக்காது. தழும்பு எவ்வளவு என்பதே முக்கியம். அதற்கு முதல் படி எஃப்.ஐ.பி.-4: (ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் இரத்தத்தில் அளக்கும் ஈரல் நொதிகள்) வயதை ஏ.எஸ்.டி.-யால் பெருக்குங்கள், பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து, ஏ.எல்.டி.-யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் வகுங்கள். 50 வயது, ஏ.எஸ்.டி. 60, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் 3000-ஐ 1600-ஆல் வகுத்து 1.88. 1.3-க்குக் கீழே என்றால் பயமில்லை, 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரிடம் போகவேண்டும், இதுபோல் நடுவில் நின்றால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 65 வயதுக்கு மேல் கீழ்க்கோட்டை 2.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதே எண்ணை ஏற்றிவிடும்.

சிரோசிஸ் முற்றும்போது ஈரல் கொழுப்பு தானாகவே குறைந்துபோவதும் உண்டு. ஸ்கேனில் கொழுப்பு காணோம் என்று நிம்மதி அடையும் முன் பிளேட்லெட்டைப் பார்க்கவேண்டும்.

எடையில் 5% இறங்கினால் கொழுப்பு குறையும், 7%-க்கு மேல் அழற்சி, 10% தாண்டினால் தழும்பே பின்வாங்க வாய்ப்பு. ஒல்லியானவருக்கு 3 முதல் 5 போதும். வாரம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. பட்டினி கிடந்து சரசரவென்று இறக்கினால் அந்த 59% வழியாக உடல் கொழுப்பு முழுக்க ஈரலுக்குத்தான் வரும், பித்தக்கல்லும் கூடவே.

பெட்ரித்தட்டு

பட்டினி பற்றிச் சொன்னதால் ஒரு துணைக் கேள்வி. அடுத்த மாதம் எலி ஈரல் திசுவும் எடுக்கவேண்டும். முந்தைய இரவு தீவனத்தை எடுத்துவிடுவதுதான் வழக்கம் என்கிறார்கள். சரியா?

சோப்புக்கரைசல்

கூடாது. எலி இரவில் தின்னும் பிராணி. ஒரு இரவுப் பட்டினி அதற்கு நமக்கு ஒரு நாளைக்கு மேல். நல்ல தீவனம் தின்ற சாதாரண எலிக்கும் காலையில் ஈரல் கொழுப்பேறியிருக்கும், உங்கள் ஒப்பீட்டுக் குழுவே நோயாளியாகிவிடும். காலை 8 மணிக்குத் தீவனத்தை எடுங்கள், 4 முதல் 6 மணி நேரம் கழித்துத் திசு எடுங்கள், எல்லா எலிக்கும் ஒரே இடைவெளி. கூண்டு வரிசைப்படி எடுத்தால் முதல் எலிக்கும் கடைசி எலிக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் வந்துவிடும். குழுக்களை மாற்றி மாற்றி எடுங்கள். ஆயில் ரெட் ஓ-வுக்கு உறைந்த திசுச் சீவல்தான் வேண்டும். பாரஃபினில் பதித்தால் சைலீன் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது வெள்ளை ஓட்டை மட்டும்.